சுருள்வில்லும் கூட்டுக் கொள்முதலும்

ஹிரோஷிமாவைச் சேர்ந்த மாஸ்டா கம்பெனியார் 1989-ஆம் ஆண்டில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டியதும், அமெரிக்காவில் மியாட்டா என்ற பெயரால் பிரசித்தி பெற்றதுமான எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் திறந்த கார், பத்து லட்சத்துக்கு மேல் உற்பத்தியாகி, அந்த ஜாதி வண்டிகளிலேயே மிக அதிகமாக விற்றது என்ற கீர்த்தியை அடைந்திருக்கிறது. வேகத்திலோ ஆடம்பரத்திலோ அதற்கு விசேஷம் அதிகம் கிடையாது. வளைந்து வளைந்து செல்லும் பாதையில், ஓட்டுகிறவனுடைய கை நினைத்ததை உடனே செய்து காட்டுவதுதான் அதன் மகிமை. ஆகையால் அதை வாங்கியவர்களில் அநேகர், இன்னும் சற்று நன்றாகத் திரும்பச் செய்யலாமே என்ற ஆசைக்கு ஆளாகி, சக்கரங்களுக்கும் உடலுக்கும் நடுவே இருந்து வண்டியைத் தாங்கும் சஸ்பென்ஷனை மாற்றத் துணிகிறார்கள். நல்ல தரமான ஒரு செட், பழைய மியாட்டாவின் விலையில் கணிசமான பங்கை விழுங்கிவிடும் என்று தெரிந்ததும், அதே ஆசையுள்ள பிறரைத் தேடிச் சேர்ந்து மொத்தமாக வாங்க முற்படுகிறார்கள்.

கூடி வாங்கினால் விலை இறங்கும் என்பது புதிய ஞானமல்ல. 1844-இல் இங்கிலாந்திலுள்ள ராச்டேல் நகரத்துத் தொழிலாளர் 28 பேர், கையிலிருந்த சொற்பப் பணத்தைச் சேர்த்து, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் கடை ஒன்றைத் திறந்து, கூட்டுறவு முறையை உலகறியச் செய்தார்கள். ஆனால் சர்க்கரை வாங்குகிறவர்களுக்குள் அபிப்பிராய ஐக்கியம் அவசியமில்லை. சுருள்வில் வாங்குகிறவர்களுக்கோ அதுவே முதல் தேவை. தீபாவளிக்கு ஒரே பீஸ் துணி எடுத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சட்டை தைக்கிற வீட்டில்கூட, அளவு அவரவர் உடம்புக்குத்தான் எடுக்கப்படுகிறது. இங்கேயோ அளவும் எல்லோருக்கும் பொதுவாக வேண்டியிருக்கிறது. பந்தயத் தளத்துக்குப் போகிறவரும், தினம் ஆபீசுக்குப் போகிறவரும், முதுகுவலிக்காரரும் ஒரே எண்ணுக்குச் சம்மதித்தாக வேண்டும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று அறிந்தாலன்றி அவர்களுடைய சர்ச்சையின் உஷ்ணம் நமக்கு விளங்காது.

காரின் பாரம் நான்கு சுருள்வில்களின் மேல் அமர்ந்திருக்கிறது. வில் எவ்வளவு அமுங்குகிறதோ அதற்குத் தக்கபடி எதிர்த்துத் தள்ளும் என்ற விதியை, ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி, பிறர் அபகரித்துவிடுவார்களோ என்று அஞ்சியவர்போல, 1676-இல் எழுத்துக்களைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678-இல் தாமே விடுவித்தார். இவ்விதியிலிருந்து பிறக்கும் ஒரு கணக்கு மிகவும் ரசமானது. நிற்கும் வண்டியின் பாரத்தினால் வில் 25 சென்டிமீட்டர் அமுங்குமானால், சக்கரம் இருக்குமிடத்தில் அளந்த கணக்குப்படி, அந்த வண்டி விநாடிக்கு ஒரு தடவை மேலும் கீழும் அசையும். 11 சென்டிமீட்டரே அமுங்கினால் ஒன்றரைத் தடவை. 6 சென்டிமீட்டர்தான் என்றால் இரண்டு தடவை. பாரம் எத்தனை கிலோ என்பதைத் தனியே கேட்க வேண்டியதே இல்லை. விநாடிக்கு ஒன்று, ஒன்றேகால் என்பது குடும்பக் காரின் சௌக்கியம். இரண்டும் அதற்கு மேலும் பந்தயக்காரனுடைய சுபாவம். உறுப்பினர்கள் மல்லுக்கு நிற்பது பெரும்பாலும் இந்த ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்காகத்தான்.

முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் ஒரே எண் ஆகாது என்பதையும் கவனிக்க வேண்டும். ரோல்ஸ்-ராய்ஸில் பணிபுரிந்து, பிறகு 1930-களில் அமெரிக்காவில் காடிலாக் கார்களின் சவாரியை ஆராய்ந்த மாரிஸ் ஆலி என்ற எஞ்சினியர், முன் வில் சற்று மிருதுவாகவும் பின் வில் சற்று விறைப்பாகவும் இருப்பதே உத்தமம் என்று கண்டார். மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். சிறிது நேரம் கழித்தே பின் சக்கரம் ஏறுகிறது. பின்புறத்தின் அசைவு கொஞ்சம் துரிதமாக இருந்தால் அது முன்புறத்தை எட்டிப் பிடித்துவிட, வண்டி தலையாட்டாமல் சமமாக எழுந்து சமமாக இறங்குகிறது.

வண்டியைத் தாழ்த்தினால் அழகு என்று கருதுகிறவர்கள் இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. முதல் தலைமுறை மியாட்டாவில் சக்கரம் மேலே எழும்புவதற்கு உள்ள இடமே சொற்பம். அதையும் குறைத்துவிட்டால் வண்டி வில்லின் மேல் ஓடாமல், கடைசித் தடுப்பாக வைத்திருக்கும் ரப்பர்க் கட்டையின் மேல் ஓடும். விவரம் தெரிந்த குழுவினர் இரண்டாம் தலைமுறை வண்டியில் வில்லின் மேல்முனையைத் தாங்கும் மூடியையும் சேர்த்து வாங்கிப் பொருத்துவது, அந்த இடத்தைச் சிறிது மீட்பதற்காகவே.

வில் மாத்திரம் இருந்தால் போதாது; அது வாங்கிய சக்தியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிற பிராணி. ஒரு மேட்டில் ஏறிய வண்டி அடுத்த தெருவரையில் துள்ளிக்கொண்டிராதபடி அடக்குவது ஷாக் அப்சார்பர். எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் பிஸ்டன் ஓடுகிறது; பிஸ்டனின் துவாரங்களை மெல்லிய எஃகுத் தகடுகளின் அடுக்கு மூடியிருக்கிறது; அத்தகடுகளை வளைத்துக்கொண்டு எண்ணெய் நெருக்கிப் புகும்போது, துள்ளலின் சக்தி உஷ்ணமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. எண்ணெய் நுரைத்தால் இந்த வேலை கெட்டுப்போகும். அதற்குப் பரிகாரமாக, மிதக்கும் பிஸ்டன் ஒன்றுக்கு அப்பால் அழுத்த வாயுவை அடைத்துவைக்கும் ஒற்றைக் குழாய் அமைப்பை த கார்போன் என்ற பிரெஞ்சுக்காரர் உண்டாக்க, ஜெர்மனியின் பில்ஸ்டைன் கம்பெனியார் அதைத் தயாரித்து, 1957 முதல் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்கு அளித்தார்கள். வில்லின் விறைப்பை இரட்டித்தால் இந்த அடக்கும் சக்தியையும் சுமார் 1.4 மடங்காக்க வேண்டும் என்பது கணக்கு. வில்லைப் புதிதாக வாங்கி, ஓய்ந்துபோன பழைய ஷாக் அப்சார்பரோடு சேர்ப்பவர் பணத்தைக் கொடுத்துத் துள்ளலை வாங்குகிறார்.

மொத்தமாகக் கேட்டால் தயாரிப்பாளர் விலையைக் குறைப்பது தாட்சண்யத்தினால் அல்ல. வில்லின் கம்பி பத்தில் ஒரு பங்கு பருத்தாலே விறைப்பு 46 சதவிகிதம் ஏறிவிடுவதால், கம்பியைப் பொறுக்கி, சுற்றும் யந்திரத்தை நுட்பமாகச் சீர்செய்து, சுற்றிய வில்லைப் பதப்படுத்தி, பிற்காலத்தில் தளராதிருக்க முழுவதும் அமுக்கிப் பரீட்சித்துத்தான் அனுப்ப முடியும். யந்திரத்தைச் சீர்செய்யும் நேரம் ஒரு செட்டுக்கும் ஐம்பது செட்டுக்கும் ஒன்றே. ஆகவே இத்தனை பேருக்கு இந்த விலை, அதற்கு மேல் சேர்ந்தால் இன்னும் குறைவு என்று படிப்படியாகச் சொல்கிறார். இங்கேதான் முன்னின்று நடத்துபவருக்குச் சோதனை ஆரம்பமாகிறது. “நானும் உண்டு” என்பவர் பலர். கெடு தேதிக்குள் முன்பணம் கட்டுகிறவர் சிலர். சிலர் விலகினாலும் எண்ணிக்கை குறைந்து, மிஞ்சியவர்களுக்கு விலை ஏறிவிடுகிறது. பணம் முழுவதையும் ஒரு தனி மனிதர் தம் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்வது, அவர் எவ்வளவு யோக்கியராயினும், எனக்குச் சம்மதமில்லை. ஒவ்வொருவரும் தயாரிப்பாளருக்கு நேரே செலுத்திவிட்டு, நடத்துபவர் ஜாபிதாவை மாத்திரம் பராமரிப்பதே உசிதம். வண்டியின் வருஷம், வில்லின் எண், உத்தரவாதம் யார் பொறுப்பு, சரக்கு தாமதித்தால் என்ன செய்வது ஆகியவற்றை முன்பணத்துக்கு முன்பே எழுதிவிட்டால், பின்னால் வரும் மனஸ்தாபங்களில் பாதி குறைந்துவிடும்.

பெட்டிகள் வந்து சேர்ந்ததும், இடவசதியுள்ள ஒருவர் கொட்டகையில் கூடிப் பொருத்துவது வழக்கம். அமுக்கிக் கட்டிய வில் நழுவினால் எலும்பை முறிக்கக்கூடியது. அதற்குரிய கருவியில்லாமல் ஒருவரும் அதைத் தொடக் கூடாது. சஸ்பென்ஷனின் கைகளை வண்டியோடு சேர்க்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, ஜாக்கியில் தொங்கும் வண்டியில் இறுக்கிவிடாமல், சக்கரங்கள் தரையில் ஊன்றிப் பாரம் இறங்கிய நிலையிலேயே முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரத்தில் கிழிந்துபோகும். வண்டியின் உயரம் மாறியவுடன் சக்கரங்களின் சாய்வும் மாறிவிடுவதால், வீல் அலைன்மென்டுக்கு ஆகும் கூலியையும் ஆரம்பத்திலேயே செலவுக் கணக்கில் எழுதிக்கொள்வது நலம்.