பாட்டியின் தையலும் பேத்தியின் பாடமும்

குஜராத்தின் வடமேற்கே, உவர்நிலங்கள் சூழக் கிடக்கும் கச்சுப் பிரதேசத்தில் ரபாரி என்னும் இடையர் குலத்தார் வாழ்கின்றனர். ஒட்டகமும் ஆடும் மேய்த்துத் திரிந்த இம்மக்களுக்கு எழுதிவைத்த சரித்திரம் குறைவு. அவர்தம் பெண்கள் துணியில் இட்ட தையலே ஒருவகையிற் சரித்திரமாக நின்றது. சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்து, சங்கிலித் தையலால் உருவங்களை நிரப்பிய அந்தப் பூவேலையைக் கண்ட மாத்திரத்தே, அதனை உடுத்தியவள் எக்கிளையைச் சேர்ந்தவள் என்பதைப் பழகிய கண் கூறிவிடும்.

இவ்வழகுக்கு ஒரு விலை இருந்தது. மணமகள் புகுந்த வீடு செல்லும்போது, தன் கையாலே தைத்த ஆடைகளையும் பைகளையும் கொண்டு செல்லவேண்டும். சீதனம் என்றால் என்னவென்று நம் நேயர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கேட்பு ஏற ஏற, தையல் முடியும்வரை பெண்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். ஈற்றில், 1990களின் நடுப்பகுதியில், தேபரியா ரபாரிகளின் பெரியோர் கூடி, தம் கிளையார் கைப்பூவேலையைத் தம் பாவனைக்குக் கொள்ளலாகாது என்று விலக்கினர். மரபைக் கொன்றார்கள் என்று தூரத்திலிருந்து பழிப்பது எளிது. பெண்களின் இளமையை ஊசி விழுங்குவதைக் கண்டவர்களுக்கு வேறு வழி தோன்றவில்லை. பின்னர்க் கடையில் வாங்கிய நாடாக்களும் சரிகைப் பட்டிகளும் கைத்தையலின் இடத்தைப் பிடித்தன. தாய் அறிந்ததை மகள் அறியாமற்போகும் நிலை உண்டாயிற்று.

இப்பிரதேசத்தில், வந்த் என்னும் ஊரில், 2005ஆம் ஆண்டு ‘கலா ரக்ஷா வித்யாலயா’ என்றொரு பள்ளி தொடங்கிற்று. ரபாரிகளின் தையலை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்கப் பெண்மணி ஜூடி பிராட்டர் இதனை நிறுவினார். வடிவமைப்புப் பள்ளி என்றால் நகரத்து இளைஞர் பயிலும் இடம் என்றே எண்ணுவோம். இங்கு மாணாக்கர்களாக அமர்ந்தவர்களோ நெசவாளரும் சாயக்காரரும் பூவேலைப் பெண்களுமே. ஓராண்டில் ஆறு தடவை, தடவைக்கு இரண்டு வாரம் வகுப்பு. நிறம், அடிப்படை வடிவம், சந்தை, கருப்பொருள் என்று பாடம் நகர்ந்து, ஒவ்வொருவரும் தாமே ஆக்கிய தொகுதியோடு முடிவுறும். பெண்களுக்கு வகுப்புத் தனி, ஆண்களுக்குத் தனி.

இதில் என்னைக் கவர்ந்தது இடைவெளியே. வகுப்பு முடிந்ததும் மாணவி வீடு திரும்பி, கொடுத்த வேலையை அங்கேயே செய்யவேண்டும். வீட்டு முற்றத்தில் தாயும் பாட்டியும் இருப்பர். பழந்துணியில் உள்ள உருவத்துக்கு என்ன பெயர், இந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் ஏன் அந்த மஞ்சள் என்று, முன்னர்க் கேட்கத் தோன்றாத கேள்விகளை அவள் கேட்டேயாகவேண்டும். தையலைப் பாட்டி கையால் அறிவாள். அதற்குக் காரணம் சொல்லும்படி அவளை எவரும் கேட்டதில்லை.

நகரத்து நிபுணர் வரைந்து கொடுப்பதைக் கிராமத்துக் கை கூலிக்குத் தைப்பதே பெருவழக்கம். நிறத்தையும் வடிவத்தையும் தீர்மானிக்கும் உரிமையைத் தைப்பவளிடமே திருப்பிக் கொடுத்தது இப்பள்ளியின் பெருஞ்செயல். பிராட்டர் பின்னர், 2014இல், அதே முறையைச் ‘சோமையா கலா வித்யா’ என்னும் நிலையத்திற் தொடர்ந்தார்.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. குலத்தை அறிவிக்க உடுத்திய தையல், இப்போது குலத்துக்கு அப்பாலுள்ளோர் வாங்கும் பண்டமாகிறது. விலக்குக்கு உட்பட்ட வீட்டு மகள், தான் உடுத்தலாகாத பூவேலையைப் பிறர் உடுத்துவதற்காகத் தைக்கிறாள். அதற்குரிய விலை மட்டும் இம்முறை அவள் கைக்கு வருகிறது.