வெங்காயத்தின் விலையும் ஆய்வாளரின் கணக்கும்

லாச்சப்பல் கடைத்தெருவில் சனிக்கிழமை மாலை நடந்து செல்வோர், சின்ன வெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் காணாது கடந்துவிட முடியாது. விலையைக் கேட்டு முகம் சுளித்தாலும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புகிறோம். ஆயினும் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணை அறிந்தவர்க்கு வெங்காயம் வெறும் கறிச்சரக்கு அன்று. அது ஒரு தலைமுறையின் வரலாறு.

1970 தொடக்கம் 1977 வரை இலங்கை அரசு இறக்குமதியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. பாணுக்காக மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. ஆனால் அதே கட்டுப்பாடுதான் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு வாழ்வளித்தது. வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின. கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் மேற்படிப்புப் படித்தனர். 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு வந்திறங்க, தோட்டக்காரருக்குக் கிடைத்த விலை வீழ்ந்தது. நாடு முழுவதற்கும் நன்மை எனப்பட்ட அக்கொள்கை தம்மை என்ன செய்யும் என்று, இணுவிலிலோ உரும்பிராயிலோ இறைத்துக்கொண்டு நின்ற ஒருவரிடம் எவரேனும் கேட்டிருப்பார்களா?

இத்தகைய வினாக்களை முன்கூட்டியே ஆராய்வதுதான் ஆய்வு நிறுவகங்களின் பணி. கொழும்பிலுள்ள கொள்கைக் கற்கைகள் நிறுவகம் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகி, 1990இல் முறைப்படி நிறுவப்பட்டது. நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சமூகக் கற்கைகள் நிறுவகம் தொடக்கத்தில் அதற்குத் துணைநின்றது. பின்னர் 2004இல், ஐக்கிய நாடுகளின் ஆசிய பசுபிக் ஆணைக்குழுவும் கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி நிலையமும் கைகோக்க, வர்த்தகக் கொள்கையை ஆராயும் நிறுவகங்களின் வலையமைப்பொன்று பாங்கொக்கைத் தளமாகக் கொண்டு தோன்றியது. ஆர்ட்நெட் எனப்படும் அதில் கொழும்பு நிறுவகமும் பங்காளியாயிற்று.

பல நாட்டு நிறுவகங்கள் ஏன் கூடவேண்டும்? வர்த்தகத்துக்கு இரு கரைகள் உண்டு. இறக்குமதித் தீர்வை குறைந்தால் வாங்குபவர் மகிழ்வார், விளைவிப்பவர் வருந்துவார். அக்கரையிலோ நிலைமை இதற்கு மாறாக இருக்கும். இருபுறத்துக் கணக்கையும் அருகருகே வைத்தால்தான் முழு உண்மை புலப்படும். இந்திய இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் இலங்கை 1,180 வகைப் பொருட்களையும் இந்தியா 429 வகைப் பொருட்களையும் சலுகைக்கு வெளியே நிறுத்தின. எப்பொருளை நிறுத்துவது, எதை விடுவது என்பது எத்தனை குடும்பங்களின் உலை சம்பந்தப்பட்ட முடிவு! அதற்குப் பின்னரும், 2007ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ், இறக்குமதி வெங்காயத்தின் மீது விசேட அறவீட்டை அரசுகள் கூட்டியும் குறைத்தும் வந்துள்ளன. ஒவ்வொரு மாற்றமும் யாழ்ப்பாணத்துத் தோட்டத்தைத் தொடாமல் விடவில்லை.

ஆனால் எண்ணப்படாதவரைப் பற்றி ஆய்வாளர் எதை எழுதுவார்? 1981க்குப் பின் இலங்கையில் குடித்தொகைக் கணக்கெடுப்பு 2001இல்தான் நடைபெற்றது. அதுவும் 18 மாவட்டங்களில் மட்டுமே நிறைவுற்றது. தீவு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது 2012இல். இடைப்பட்ட காலத்தின் குடும்ப வருமான ஆய்வுகளிலும் வடக்கு கிழக்கு பெரும்பாலும் இடம்பெறவில்லை. அறிக்கைகளில் "வடக்கு கிழக்கு நீங்கலாக" என்று அடியில் ஒரு சிறு வரி. அச்சிறு வரிக்குள் எமது ஊர்கள் அனைத்தும் அடங்கிப்போயின.

போர் ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பிக்கப்படுகிறது. நாம் வாழும் இப்பாரிஸ் நகரிலேயே, வளர்முக நாடுகளை ஆராயும் ஓ.ஈ.சி.டி. அபிவிருத்தி நிலையம் 1962 முதல் இயங்கி வருகிறது. எமது பிள்ளைகள் இங்கு மருத்துவமும் பொறியியலும் கற்பது கண்டு பெருமைப்படுகிறோம்; தகும். பொருளியலும் புள்ளிவிபரமும் கற்க விரும்பும் பிள்ளையை மட்டும் "அதில் என்ன உழைப்பு வரும்?" என்று மறித்துவிடுகிறோம். ஆசிரியனாக இருந்த காலத்தில் நானும் அவ்வாறு சொன்னதுண்டு. இன்று அதற்காக வருந்துகிறேன்.

அடுத்த முறை வெங்காயம் வாங்கும்போது, உடன் வரும் பிள்ளைக்கு இக்கதையைச் சொல்லுங்கள். இந்த விலைக்குள் ஊரிலுள்ள தோட்டக்காரரின் பங்கு எவ்வளவு என்று அப்பிள்ளை கேட்குமாயின், எம்மிடம் விடை இராது. அதனைத் தேடிக் கணக்கிட ஒரு பிள்ளையாவது முன்வரட்டும்.