விசை எந்த வழியே போகிறது?

காரின் வலப்பக்க முன்சக்கர பேரிங் தேய்ந்திருந்தால், ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கும்போதுதான் அதன் சத்தம் கூடும். இடப்பக்கம் திரும்பும் வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்வதே காரணம். நேர்ச்சாலையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் தரைக்கடியிலிருந்து வருவதுபோல ஒரு உறுமல். அது ஒரு வளைவில் உரத்து எதிர்வளைவில் அடங்கினால், ஆள் அநேகமாக அகப்பட்டுவிட்டான். கியரை நியூட்ரலில் தள்ளினாலும் உறுமல் மாறாது. இதை டயர் சத்தம் என்று நினைத்து நாலு டயரையும் மாற்றிவிட்டு, மறுபடி அதே உறுமலைக் கேட்டுத் தலையில் கைவைத்தவர்கள் ஏராளம்.

சந்தேகத்தைத் தீர்க்க, வண்டியை ஜாக்கில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் இல்லாவிட்டாலும் விடுவதில்லை. சஸ்பென்ஷனின் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுழற்றினால், உள்ளே இருக்கும் கரகரப்பு விரலுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வி, அதை எப்படிக் கழற்றுவது. இங்கேதான் கார்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. இன்றைய பல கார்களில் பேரிங்கும், சக்கரத்தைத் தாங்கும் ஹப்பும் ஒரே உருப்படியாக வருகின்றன. மூன்று அல்லது நான்கு போல்ட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினால் முடிந்தது. ஆனால் சாலையில் ஓடும் கார்களில் இன்னும் ஏராளமானவற்றில், பேரிங் தனி உருப்படி. நக்கிள் என்ற கனத்த வார்ப்புத் துண்டின் துளைக்குள் அதை அழுத்தி இறக்கியிருப்பார்கள். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் நான்காம் தலைமுறையும், அதே அடித்தளத்தில் பிறந்த முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவும் இதற்கு நல்ல உதாரணம். அவற்றில் பரவலாக இருக்கும் முன்சக்கர பேரிங்கின் வெளிவிட்டம் 72 மி.மீ., உள்விட்டம் 39 மி.மீ., அகலம் 37 மி.மீ. உள்ளங்கையில் அடங்கும். உள்ளே சாய்கோணத்தில் இரண்டு வரிசைக் குண்டுகள். வண்டி வளையும்போது டயரின் அடியில் உண்டாகும் பக்கவாட்டு விசை, சக்கரத்தையே ஒரு நெம்புகோலாக்கி பேரிங்கைத் திருகப் பார்க்கும். நேராக நிற்கும் ஒற்றை வரிசைக் குண்டுகளுக்கு அந்தத் திருகலைத் தாங்கும் வலு போதாது.

துளையின் விட்டம் பேரிங்கின் விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு சிறியதாக இருக்கும். வேண்டுமென்றே அப்படிக் கடைகிறார்கள். கொஞ்சம் தளர்வாக இருந்தால்கூட, ஓடும்போது பேரிங்கின் வெளிவளையம் துளைக்குள் மெல்ல நகர்ந்து நகர்ந்து, நக்கிளையே அரித்துவிடும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைச் சற்றுச் சிறியதாக அடித்து, தீயில் பழுக்கக் காய்ச்சி மாட்டிய அதே தத்துவம்தான் இது. அங்கே மாட்டும் பொருள் வெளியிலிருந்து கவ்வும், இங்கே உள்ளிருந்து முட்டும்.

இந்த இறுக்கத்தைப் பார்த்ததும் கை தானாகச் சுத்தியலைத் தேடும். அங்கேதான் வினை.

1900இல் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஜோஹன் ஆகஸ்ட் பிரினெல் ஒரு சோதனையை உலகுக்குக் காட்டினார். 10 மி.மீ. விட்டமுள்ள கடினமான எஃகுக் குண்டை 3,000 கிலோ சுமையால் உலோகத்தின் மேல் அழுத்தி, விழும் பள்ளத்தை அளந்து அதன் கடினத்தைச் சொல்வது. பேரிங்கைச் சுத்தியலால் தட்டி இறக்குகிறவர், தெரியாமலே அந்தச் சோதனையைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறார். குண்டு வளையத்தைத் தொடும் இடம் கடுகளவைவிடச் சிறியது. அதனால் சாதாரண ஓட்டத்திலேயே அங்கே அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டக்கூடும். அதன்மேல் ஒரு அடி விழுந்தால் ஓடுபாதையில் குழி விழும். பொறியியலில் இதற்குப் பெயரே பிரினெல்லிங்.

எவ்வளவு குழி? அசையாமல் நிற்கும் பேரிங் எவ்வளவு சுமை தாங்கலாம் என்று கணக்கிடும்போது, குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நிரந்தரப் பள்ளத்தை எல்லையாக வைக்கிறார்கள். 12 மி.மீ. குண்டு என்றால் ஒரு மைக்ரானுக்குச் சற்று அதிகம். கண்ணுக்கு எதுவும் தெரியாது, பேரிங் கையில் வழுவழுவென்றுதான் சுற்றும். வண்டியில் போட்டு ஓட்டும்போது ஒவ்வொரு குண்டும் அந்தக் குழிகளில் இறங்கி ஏறும், ஓரம் உதிரும், உதிர்ந்த துகள் கிரீஸில் கலந்து மீதிப் பாதையையும் தின்னும். ‘டூப்ளிகேட் சாமான் சார், ஆறே மாசத்துல போயிடுச்சு’ என்ற புலம்பலில் ஒரு பங்காவது கடைக்காரர் தலையில் வீணாக விழுகிறது.

ஆக, இந்த வேலையின் சூத்திரம் ஒன்றே ஒன்று: அழுத்தும் விசை குண்டுகள் வழியே போகக் கூடாது. பேரிங்கை நக்கிளுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பை பேரிங்குக்குள் இறக்கும்போது உள்வளையத்துக்கு மட்டும் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். முதலாவதைச் சரியாகச் செய்துவிட்டு இரண்டாவதில் கோட்டை விடுகிறவர்களே அதிகம். நக்கிளை அப்படியே மேசையில் கிடத்தி ஹப்பை அழுத்தினால், விசை முழுவதும் உள்வளையத்திலிருந்து குண்டுகள் வழியாக வெளிவளையத்துக்குத்தான் பாயும்.

பழைய பேரிங்கைக் கழற்றுவதில் இந்தக் கவலை வேண்டாம். அது எப்படியும் சாகப்போகிறது. ஹப்பைப் பின்னாலிருந்து தள்ளினால் பேரிங் பிரிந்து, உள்வளையத்தின் ஒரு பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதை புல்லர் போட்டு இழுப்பார்கள். அசையாவிட்டால் கிரைண்டரால் ஒரு பக்கம் பள்ளம் போட்டு உளியால் ஒரு தட்டு. கடின எஃகு என்பதால் பட்டென்று வெடித்துவிடும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்வது கண்ணோடு விளையாடுவது. பிறகு பேரிங்கைத் துளைக்குள் நிறுத்திவைக்கும் சர்க்லிப் வளையத்தை எடுத்துவிட்டு மீதியை அழுத்தி வெளியே தள்ள வேண்டும். மிஞ்சும் பழைய வெளிவளையத்தைத் தூக்கி எறியாமல், அதன் விளிம்பைக் கொஞ்சம் தேய்த்துச் சிறிதாக்கிக்கொண்டால், புதியதை அழுத்த அளவெடுத்துச் செய்த கருவி கிடைத்துவிடும்.

வீட்டில் பிரஸ் இல்லாதவர் என்ன செய்வது? திருகு இருக்கிறது. 16 மி.மீ. உயர்தர போல்ட் ஒன்றை, இரண்டு பக்கமும் தடித்த தகடுகள் வைத்து நக்கிள் வழியாகச் செருகி, நட்டை 200 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுக்கினால் ஏறக்குறைய ஆறு டன் இழுவிசை கிடைக்கும். ஒரு நீண்ட ஸ்பானரும் ஒரு ஆளும் போதும். கடைகளில் விற்கும் பேரிங் புல்லர் செட்டும் இதே கணக்குதான். அதிர்ச்சியில்லாமல் மெதுவாக ஏறும் விசை என்பது கூடுதல் லாபம். சாய்ந்து இறங்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி நேராக்கலாம். சாய்ந்ததை விடாமல் அழுத்தினால் துளையின் சுவர் கீறிப்போகும், நக்கிளுக்கும் சேர்த்துச் செலவு.

வெப்பமும் உதவும். எஃகு ஒரு டிகிரிக்கு, மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் விரியும் அல்லது சுருங்கும். 30 டிகிரியில் இருக்கும் 72 மி.மீ. பேரிங்கை இரவு முழுக்க ஃப்ரீஸரில், கழித்தல் 18 டிகிரியில் வைத்தால் அதன் விட்டம் 0.04 மி.மீ. குறையும். இறுக்கத்தின் அளவும் நூறில் சில பங்குதான் என்பதால் இது பெரிய சலுகை. நக்கிளை 100 டிகிரிவரை சூடாக்கினால் துளை இன்னொரு 0.06 மி.மீ. விரியும். ஆனால் நேரம் ரொம்பக் குறைவு. குளிர்ந்த பேரிங் சூடான துளையைத் தொட்டவுடன் இரண்டும் சமமாகிவிடும். தீச்சுவாலையை ஒரே இடத்தில் காட்டினால் ரப்பர் பூட்டும் சீலும்தான் முதலில் கருகும்.

ஏபிஎஸ் உள்ள பல கார்களில், பேரிங்கின் ஒரு பக்கத்துச் சீலுக்குள்ளேயே வேகத்தை உணர உதவும் காந்த வளையம் பதிந்திருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். இரண்டு முகமும் ஒன்றுபோலத் தெரிவதால் குண்டூசி ஒன்றைக் காட்டிப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் ஈர்க்கிறதோ அதுவே காந்தம். தலைகீழாக இறக்கினால் பேரிங் நன்றாகவே ஓடும், டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு அணையாது. திருத்துவதற்கு வெளியே எடுத்தால், புதிய பேரிங்கும் பழையதன் கதியைத்தான் அடையும்.

நம்மூரில் இதில் ஒரு சுலபமான நடுவழி இருக்கிறது. நக்கிளை மட்டும் வீட்டில் கழற்றி, பக்கத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அழுத்தித் தரச் சொல்லலாம். முட்டு எங்கே வைக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நக்கிளைக் கழற்றும்போது பிரேக் காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும், ஹோஸில் அல்ல. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையை நீட்டக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

கடைசியாக, டிரைவ் ஷாஃப்ட்டின் நடு நட்டு. உள்வளையத்தின் இரண்டு பாதிகளையும் நெருக்கிப் பிடிப்பது அதுதான். குண்டுகளுக்கு எவ்வளவு இறுக்கம் என்பதும் அதன் முறுக்கத்தில்தான் இருக்கிறது. பல கார்களில் அது 200 நியூட்டன் மீட்டரைச் சுற்றி இருக்கும். துல்லியமான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உண்டு. ஒருமுறை கழற்றிய நட்டைப் பெரும்பாலான நிறுவனங்கள் மறுபடி போட விடுவதில்லை. அதை இறுக்கும்வரை வண்டியின் எடை அந்தச் சக்கரத்தில் இறங்கக் கூடாது, பத்தடி தள்ளி நிறுத்துவதற்குக்கூட. பாதிகள் விலகி நிற்கும் நிலையில் எடை ஏறினால், சில குண்டுகள் மட்டும் ஓடுபாதையின் விளிம்பில் நின்று சுமை தாங்கும். ஆகவே யாராவது ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே டார்க் ரெஞ்சை வைத்து இறுக்கிவிடுகிறார்கள்.