காந்தம் ஒட்டாவிட்டால் போதுமா?

புது வீட்டின் சாவி கைக்கு வந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் கை வைப்பது சமையலறையில்தான். அலமாரிக்கு என்ன நிறம், மேடைக்குக் கிரானைட்டா குவார்ட்ஸா என்று வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். பாத்திரம் கழுவும் சிங்க் மட்டும், குத்தகையாளர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காகக் கடைசி நேரத்தில் ஐந்து நிமிடத்தில் முடிவாகும். கடைக்குப் போய் வாங்கி வருபவர் பெரும்பாலும் கணவர். அதன் முன் தினமும் மூன்று வேளையும் நிற்பவர் மனைவி, அல்லது அம்மா.

கடையில் கணவர் செய்யும் ஒரே சோதனை காந்தச் சோதனை. சிறிய காந்தத்தைத் தொட்டியில் வைத்துப் பார்ப்பார். ஒட்டவில்லை என்றால் அசல் சாமான் என்று முடிவு கட்டி, பணத்தைக் கொடுத்துவிடுவார். ஆனால், இந்தச் சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும்.

எவர்சில்வர் என்று பொதுவாக அழைக்கப்படுவது ஒரே உலோகம் அல்ல. இரும்புடன் போதிய அளவு குரோமியம் சேரும்போதுதான் துரு தடுக்கப்படுகிறது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கலந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படர்ந்து நிற்கிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் அந்தப் படலம் தானாகவே மீண்டும் உண்டாகிவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1913-ஆம் ஆண்டு ஹேரி பிரேர்லி உருவாக்கிய எஃகில் சுமார் 13 விழுக்காடு குரோமியம் இருந்தது. இன்றைய நல்ல சிங்குகள் 304 என்ற ரகத்தால் ஆனவை. அதில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. சில பொருள்களில் 18/8 என்று பொறிக்கப்பட்டிருப்பதன் பொருள் இதுதான்.

நிக்கல் விலை உயர்ந்தது. ஆகவே மலிவான சிங்குகளில் அதைக் குறைத்து, பதிலுக்கு மாங்கனீஸ் சேர்க்கிறார்கள். அதுதான் 201 ரகம். நிக்கலே இல்லாத 430 என்ற ரகமும் இருக்கிறது. காந்தம் இறுக்கமாக ஒட்டுவது 430-இல். 201-இல் அது 304-இல் போலவே ஒட்டாது! காந்தத்தை நம்பி வாங்குபவர் ஏமாறும் இடம் இதுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. நல்ல 304 தகட்டையே ஆழமாக அழுத்தித் தொட்டியாக்கும்போது, வளைந்த மூலைகளில் காந்தம் இலேசாக இழுக்கலாம். அதைப் பார்த்து நல்ல சாமானை வேண்டாம் என்று ஒதுக்கிவிடக்கூடாது.

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? மாங்கனீஸைக் காட்டிக் கொடுக்கும் சோதனைத் திரவம் ஒன்று விற்கப்படுகிறது. ஒரு துளி விட்டு, சிறிய மின்கலத்தை இணைத்தால் 201 சிவப்பாக மாறும். கடைக்காரரிடம் அது இல்லாவிட்டால், 'எஸ்.யு.எஸ். 304' என்றும் தகட்டின் கனம் இத்தனை மில்லிமீட்டர் என்றும் ரசீதில் எழுதித் தரச் சொல்லலாம். ஒட்டுத்தாளை யாரும் ஒட்டலாம். ரசீதில் எழுதுவதற்குத்தான் தயங்குவார்கள்.

கனத்தைப் பொறுத்தவரை, கேஜ் எண் கூடினால் தகடு மெலியும் என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் 0.8 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மெல்லிய தொட்டியில் இட்லிப் பானையை வைத்தால் அடிப்பகுதி அமுங்கும். குழாயைத் திறந்தால் தகரக் கூரையில் மழை பெய்வது போலச் சத்தம் கேட்கும். வீட்டுக்கு 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் சத்தம் இன்னும் குறையும்.

இரட்டைத் தொட்டி பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால், 80 சென்டிமீட்டர் சிங்கை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் 40 சென்டிமீட்டருக்கும் குறைவுதான். 16 அங்குலக் குவாலியை அதில் எப்படிக் கழுவுவது? தீபாவளிக்கு முறுக்குச் சுடும் வீட்டுக்கு ஒரே பெரிய தொட்டிதான் சரி. வீட்டிலுள்ள மிகப் பெரிய பாத்திரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆழத்தை மட்டும் கழுவுபவரை நிற்கவைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 85 சென்டிமீட்டர் உயர மேடையில் 23 சென்டிமீட்டர் ஆழத் தொட்டி வைத்தால், அதன் அடி 62 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். உயரமானவருக்கு ஆறே மாதத்தில் முதுகு சொல்லும். ஆழம் மிகக் குறைந்தாலோ தண்ணீர் சட்டையில் தெறிக்கும். 20 சென்டிமீட்டர் பல வீடுகளுக்கு ஒத்துவரும்.

நல்ல 304 என்றாலும் பராமரிப்பு இல்லாவிட்டால் புள்ளி விழும். பிளீச் திரவத்திலும் உப்பிலும் உள்ள குளோரைடு அந்தப் பாதுகாப்புப் படலத்தையே அரித்துவிடும். பிளீச் ஊற்றி இரவு முழுவதும் ஊறவைக்கும் பழக்கத்தை விடவேண்டும். இரும்புக் கம்பி நார் போட்டுத் தேய்த்தால் அதன் துகள்கள் தொட்டியில் ஒட்டித் துருப்பிடிக்கும். பழி சிங்க் மீது விழும். ஈர இரும்புத் தோசைக்கல்லை இரவில் அதில் விட்டாலும் இதே கதைதான்.

மேடைக்கு அடியில் பொருத்தும் வகை சிங்க் என்றால், கல் வெட்டுவதற்கு முன்பே வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். கல்லில் துளை அந்த அளவுக்கே வெட்டப்படும். சிங்க் கல்லோடு பசையால் ஒட்டப்படும். குழாய் பிடிக்கவில்லை என்றால் ஒரே நாளில் மாற்றிவிடலாம். இதை மாற்ற நினைத்தால், கல்லுக்குச் சேதம் வராமல் கழற்றித் தர ஆள் தேட வேண்டியிருக்கும்.