மிளகு பறிக்கப் போகுமுன் ஒரு மாத்திரையா?

கொல்லிமலை குண்டூர் நாட்டில் மிளகுப் பறிப்பு நேரம். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறி இறங்கினால் முழங்கால் சும்மா இருக்குமா? உடனே கடையில் ஒரு வலி மாத்திரை. அதுவும் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் காய்ந்த உடம்புக்கு! அந்த மாத்திரைகளில் பல, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகிற உறுப்பு அது. பாதி பழுதானாலும் வலிக்காது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர் வீட்டுக்கு வரும்போது விவரம் கேளுங்கள். மாத்திரைக்குப் பதில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பா? மூட்டுவலி அதற்குக் கேட்குமா என்பது வேறு பேச்சு. உப்பை மட்டும் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.