நெஞ்சில் அதிரும் 41 ஹெர்ட்ஸ்: பாஸ் கித்தாரின் இயற்பியல்

மாணவர்களே, பள்ளிக் கலை நிகழ்ச்சியிலோ உறவினர் திருமண விருந்திலோ இசைக்குழு மேடையேறும்போது உங்கள் கண்கள் யாரைத் தேடும்? முதலில் பாடகரை, அடுத்து கித்தார் வாசிப்பவரை. ஓரமாக நின்று நான்கு தடித்த தந்திகளை மீட்டுபவரைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் அவர் கையை எடுத்துவிட்டால் பாட்டு சட்டென்று மெலிந்து போகும். இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாஸ் கித்தாரின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிகழ்ச்சி முடிந்த பிறகு மேடைப் பக்கம் போய்ப் பாருங்கள். கித்தார் வாசித்தவர் சிறிய பெட்டி ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பாஸ் வாசித்தவரோ பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் காரில் ஏற்ற ஆள் தேடிக்கொண்டிருப்பார். தாழ்ந்த ஒலிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய சாதனம்?

இதற்கான விடை உங்கள் இயற்பியல் பாடநூலில்தான் இருக்கிறது. அலைகள், மின்சாரம், மின்காந்தம் ஆகிய மூன்று பாடங்களும் இந்த ஒரே கருவியில் சந்திக்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால் கருவி வாங்கும்போது பணம் வீணாகாது. மேடையில் உங்கள் காதும் உயிரும் பாதுகாப்பாக இருக்கும்.

தந்தியில் தொடங்குவோம்

சாதாரண கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. பாஸ் கித்தாரின் தாழ்ந்த தந்தி அதில் பாதி, அதாவது 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி பாஸ் என்றால் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தந்தியின் அதிர்வெண்ணை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: நீளம், இழுவிசை, ஒரு மீட்டருக்கான நிறை. நீளத்தை இரு மடங்காக்கினால் அதிர்வெண் பாதியாகும். ஆனால் அவ்வளவு நீளக் கருவியைக் கழுத்தில் மாட்ட முடியாது. இழுவிசையை மிகவும் குறைத்தால் தந்தி தொளதொளவென்று ஆடும். எனவே பாஸ் கித்தாரில் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, நிறையை நிறையக் கூட்டுகிறார்கள். கித்தாரில் சுமார் 65 சென்டிமீட்டராக இருக்கும் தந்தி நீளம் பாஸில் சுமார் 86 சென்டிமீட்டர். தாழ்ந்த தந்தியின் விட்டமோ ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டரிலிருந்து 2.7 மில்லிமீட்டராகிறது.

அவ்வளவு தடிமனான ஒற்றைக் கம்பியைப் போட்டால் அது இரும்புக் கோல் போல விறைத்துவிடும். ஸ்வரம் சுத்தமாக வராது. அதனால் மெல்லிய உள்கம்பியின் மேல் வேறொரு கம்பியைச் சுற்றுகிறார்கள். நிறை கூடும், விறைப்பு கூடாது. சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ஒலி கணீரென்று ஒலிக்கும். தட்டையாக இருந்தால் ஒலி மென்மையாக, மொத்தையாக வரும். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தட்டைத் தந்திகளையே பயன்படுத்தினார். அவற்றை மிக அரிதாகவே மாற்றினார். அந்த மொத்தை ஒலியே அவருடைய அடையாளம் ஆனது. ஆகவே, "விலை உயர்ந்த கருவி வாங்கினால்தான் ஒலி மாறும்" என்று முடிவு கட்டுவதற்கு முன், தந்தியை மாற்றிப் பாருங்கள்.

1951-இல் லியோ ஃபெண்டர் அறிமுகப்படுத்திய 'பிரிசிஷன் பாஸ்' என்ற கருவிதான் இன்றைய பாஸ் கித்தார்களுக்கு முன்மாதிரி. அதற்கு முன் பெரும்பாலான குழுக்களில், ஆள் உயரத்திற்கு நிற்கும் மரப் பாஸைத்தான் தூக்கிச் சுமந்தார்கள்.

காந்தமும் செம்புச் சுருளும்

பாஸ் கித்தாரின் உடல் திடமான மரக்கட்டை. மின்சாரம் இல்லாமல் அதன் ஒலி பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. தந்திகளுக்குக் கீழே உள்ள 'பிக்அப்' என்ற பாகம்தான் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிறது. அதற்குள் காந்தமும், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகவும் இருக்கின்றன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சுருளுக்குத் தந்தி எது, பக்கத்தில் இருக்கும் மின்விளக்கு எது என்று தெரியாது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அந்த 50 ஹெர்ட்ஸும் சுருளுக்குள் நுழைந்து "உம்ம்" என்று இரைகிறது. பாஸ் கித்தாரின் தாழ்ந்த தந்தியில் மூன்றாம் கட்டையை அழுத்தினால் வரும் ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சல் நம் ஸ்வரத்திற்கு அடுத்த வீட்டிலேயே குடியிருக்கிறது!

இதற்கான தீர்வு மிக அழகானது. இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் சுற்றி, காந்த முனைகளையும் எதிரெதிராக வைக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் வந்து ஒன்றையொன்று அழிக்கிறது. தந்தியின் ஒலியோ இரண்டு முறை தலைகீழாவதால் நேராகவே வந்து சேர்கிறது. 1957 முதல் பிரிசிஷன் பாஸில் இந்த முறைதான். 'ஜாஸ் பாஸ்' வகைக் கருவியில் இரண்டு பிக்அப்களின் ஒலியளவையும் சமமாக வைத்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும்.

சில கருவிகளில் 9 வோல்ட் மின்கலம் இருக்கும். அவற்றில் கேபிளைச் செருகியதுமே சுற்று இயங்கத் தொடங்கிவிடும். பயிற்சி முடிந்ததும் கேபிளைக் கழற்றாவிட்டால், நிகழ்ச்சி நாளன்று மின்கலம் காலியாகிவிடும்.

ஏன் இத்தனை வாட்?

ஒலி நம் நாட்டு வெப்பநிலையில் விநாடிக்குச் சுமார் 348 மீட்டர் செல்கிறது. அதை 41-ஆல் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 8.5 மீட்டர். இது ஒரு வகுப்பறையின் நீளத்துக்குச் சமம்! இவ்வளவு பெரிய அலையை உருவாக்க ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதே ஸ்பீக்கரில், அதே அளவு ஒலி அழுத்தத்திற்கு, அதிர்வெண் பாதியானால் கூம்பு 4 மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும்.

போதாக்குறைக்கு, நம் காதும் ஒத்துழைப்பதில்லை. 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலி எந்த அளவு கேட்கிறதோ, அதே அளவு 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால் மேலும் 40 டெசிபல் தேவை.

டெசிபல் கணக்கை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், கடையில் உதவும். வாட் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். "இரண்டு மடங்கு சத்தம்" என்று காது உணர வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு வாட் வேண்டும். ஆக, 30 வாட் கித்தார் ஆம்ப்ளிஃபையருக்கு ஈடுகொடுக்கப் பாஸ் வாசிப்பவர் 300 வாட் கேட்பது பேராசை அல்ல. ஆனால் 300 வாட் ஆம்ப்ளிஃபையரைத் தள்ளிவிட்டு 500 வாட் வாங்கினால் கிடைப்பது 2 டெசிபலுக்குச் சற்று மேல்தான். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்பதை இப்போது நீங்களே கணக்கிட முடியும்.

அப்படியானால் சின்னஞ்சிறு கைப்பேசியில் பாஸ் எப்படிக் கேட்கிறது? 41 ஹெர்ட்ஸ் தந்தி அதிரும்போது 82, 123, 164 என்று மேல்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. கைப்பேசி அவற்றில் உயர்ந்தவற்றை மட்டும் தருகிறது. அவற்றுக்கிடையே உள்ள ஒழுங்கைக் கண்டுபிடித்து, இல்லாத அடிப்படைச் சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது!

மூன்றில் இரண்டுதான்

சிறிய பெட்டி, ஆழ்ந்த பாஸ், குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் பெற முடியாது, இரண்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் அன்டன் ஹாஃப்மன் வகுத்த இதனை 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்பார்கள். திறனைக் குறைக்காமல் அதிர்வெண் எல்லையைப் பாதியாக இறக்க வேண்டுமானால், பெட்டியின் கொள்ளளவு 8 மடங்காக வேண்டும்.

1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி இந்தப் போராட்டத்தின் பழைய சாட்சி. 14 வெற்றிடக் குழாய்கள், 300 வாட். ஆம்ப்ளிஃபையர் மட்டும் 35 கிலோவுக்கு மேல். எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட அதன் பெட்டி தனிக் கதை. இன்று 'கிளாஸ் டி' வகை ஆம்ப்ளிஃபையர்கள் டிரான்சிஸ்டர்களை விநாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடி இயக்குகின்றன. வெப்பமாக வீணாகும் ஆற்றல் மிகக் குறைவு. அதனால் 500 வாட் ஆம்ப்ளிஃபையர் 3 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. ஸ்பீக்கரிலும் நியோடிமியம் காந்தங்கள் எடையைக் குறைத்துவிட்டன. ஆனால் பெட்டியின் அளவு? இரும்பு விதி இன்னும் அசையவில்லை.

ஓம் கணக்கில் தவறினால்…

ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தில் "குறைந்தது 4 ஓம்" என்று எழுதியிருக்கும். 8 ஓம் பெட்டிகளை வரிசையாகச் செருகும்போது அவை பக்க இணைப்பில் சேர்கின்றன. 40 வோல்ட் என்று வைத்துக் கணக்கிடுவோம்.

ஒரு பெட்டி: 8 ஓம், 5 ஆம்பியர், 200 வாட்.
இரண்டு பெட்டிகள்: 4 ஓம், 10 ஆம்பியர், 400 வாட்.
மூன்று பெட்டிகள்: 2.67 ஓம், 15 ஆம்பியர், 600 வாட்.

மூன்றாவது வரியைப் பார்த்து மகிழ வேண்டாம். 10 ஆம்பியருக்கு வடிவமைக்கப்பட்ட சாதனத்திடம் 15 ஆம்பியர் கேட்கிறீர்கள். அது சூடேறித் தானாக நின்றுவிடலாம், அல்லது கருகலாம். வெற்றிடக் குழாய் ஆம்ப்ளிஃபையருக்கு இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: ஸ்பீக்கரே இணைக்காமல் இயக்கினால் அதன் மின்மாற்றி பழுதாகிவிடும்.

இன்னொன்று: கித்தார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் கித்தார் கேபிளின் உள்கம்பி மிக மெல்லியது. 10 ஆம்பியரைத் தாங்க அதனால் இயலாது. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

அறையும் ஒரு கருவி

சுவர்களுக்கு இடையே ஒலி மோதித் திரும்பும்போது நிலையலைகள் உருவாகின்றன. 4.2 மீட்டர் நீள அறையில் 41 ஹெர்ட்ஸின் அரை அலை சரியாகப் பொருந்தும். சுவரருகே அந்த ஸ்வரம் இடிபோல் கேட்கும். நடுவில் நின்றால் காணாமல் போகும். "ஆம்ப்ளிஃபையர் சரியில்லை" என்று குறை சொல்வதற்கு முன் நான்கு அடி நகர்ந்து கேளுங்கள். பெட்டியை மூலையில் வைத்தால் பாஸ் பெருகும். அளவுக்கு மீறினால் சுவரை விட்டு விலக்கி வையுங்கள்.

பெரிய மண்டபத்தில் உங்கள் ஆம்ப்ளிஃபையர் எல்லாருக்கும் கேட்க வேண்டியதில்லை. 'டிஐ பாக்ஸ்' என்ற சிறு பெட்டி கித்தாரின் ஒலியை நேரடியாக மண்டபத்தின் மிக்சருக்கு அனுப்பும். அது ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் அனுப்புகிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால், மறுமுனையில் கழித்தவுடன் அழிந்துவிடும். பிக்அப்பில் பார்த்த அதே தந்திரம்!

மூன்றாவது முள்ளை வெட்டாதீர்கள்

இரைச்சலைப் போக்க, பிளக்கின் நில இணைப்பைத் துண்டித்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது உயிரோடு விளையாடுவது. கித்தாரின் தந்திகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையரின் உலோக உடலோடு இணைந்திருக்கின்றன. ஒலிவாங்கியும் அப்படியே வேறொரு சாதனத்தோடு இணைந்திருக்கிறது. ஏதாவது ஒன்றில் நில இணைப்பு இல்லாமல் மின்கசிவு ஏற்பட்டால், கையில் தந்தியும் உதட்டில் ஒலிவாங்கியுமாக நிற்கும் உங்கள் உடல்தான் பாலமாகும். 1972 மே மாதம், 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில் நில இணைப்பு இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார்.

இரைச்சலைக் குறைக்கப் பாதுகாப்பான வழி, டிஐ பாக்ஸில் உள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' பொத்தான். அது ஒலிக் கேபிளின் நில இணைப்பை மட்டுமே பிரிக்கும்; மின்சாரப் பாதுகாப்பைத் தொடாது.

காதையும் மறக்க வேண்டாம். 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்! உள்காதில் அழிந்த மயிரணுக்கள் மீண்டும் வளர்வதில்லை. இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் உங்கள் முதல் வாங்குதல் பட்டியலில் இருக்கட்டும்.

எதை முதலில் வாங்குவது?

இதுவரை படித்ததை வைத்து வரிசைப்படுத்துவோம். முதலில், சரியாக ஸ்வரம் நிற்கும் எளிய கருவி, நல்ல தந்திகள், சுருதி பார்க்கும் ட்யூனர், காதடைப்பான். அடுத்து, உறுதியான இரண்டு கேபிள்கள். ஒன்று பழுதானால் மற்றொன்று. மூன்றாவது, ஒரு டிஐ பாக்ஸ். வீட்டுப் பயிற்சிக்குச் சிறிய ஆம்ப்ளிஃபையர் போதும். மத்தளம், டிரம்ஸ் ஆகியவற்றோடு மண்டப உதவியின்றி வாசிக்கும் நாள் வரும்போது மட்டும் பெரிய வாட் எண்ணைப் பற்றி யோசியுங்கள். வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வையும் நம் ஊர் ஈரப்பதமும் எஃகை விரைவில் கெடுத்துவிடும்.

செய்து பாருங்கள்

வீட்டில் ஓரளவு பெரிய ஸ்பீக்கர் இருந்தால், ஒலி உருவாக்கும் செயலி மூலம் 80 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமான அளவில் ஒலிக்க விடுங்கள். அறையில் மெதுவாக நடந்து, ஒலி எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று தரையில் குறியிடுங்கள். ஒலி குறையும் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, அரை அலைநீளமான 2.2 மீட்டரோடு ஒப்பிடுங்கள். சுவர்களும் தளபாடங்களும் கணக்கைச் சற்றுக் குழப்பலாம். ஏன் குழப்புகின்றன என்று நண்பர்களோடு விவாதித்துப் பாருங்கள்!