சேர் அருணாசலத்தின் ஆங்கில நண்பர்: கவிஞர் எட்வேட் கார்ப்பென்டரின் வாழ்வும் நோக்கும்

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் பெயரைக் கேளாத தமிழ் மாணவர் இலர் எனலாம். போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவர். 1919ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரும் அவரே. ஆயின், ஞானநெறி பற்றி அவர் எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1927இல் இலண்டனில் நூலாக வெளியிட்டவர் யார் என்பதைச் சிலரே அறிவர். அவர் எண்பது வயதைக் கடந்த ஓர் ஆங்கிலக் கவிஞர். பெயர் எட்வேட் கார்ப்பென்டர்.

கார்ப்பென்டர் கவிஞர் மட்டுமல்லர், சமதர்மவாதி, பெண்களின் உரிமைக்கும், சிறைச் சீர்திருத்தத்துக்கும், விலங்குகளின் நலனுக்கும் குரல் கொடுத்தவர். இவற்றோடு, ஆண்மகனாகிய தாம் மற்றோர் ஆண்மகனையே வாழ்க்கைத் துணையாகக் கொண்டு, அத்தகைய அன்பைச் சட்டம் குற்றமென்று கூறிய காலத்தில் ஒரே இல்லத்தில் வாழ்ந்து முதுமையெய்தியவர். அவ்வாழ்வையும் அதிலிருந்து விளைந்த நோக்கையும் ஈண்டுக் காண்போம்.

குருப்பட்டம் துறந்தார்

1844ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹோவ் என்னும் ஊரில் செல்வக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, ஆங்கிலத் திருச்சபையிற் குருப்பட்டமும் பெற்றார். மாணவராய் அங்கு வந்திருந்த அருணாசலத்துடன் நட்பு ஏற்பட்டதும் அக்காலத்திலேயே. பதவியும் மதிப்பும் இருந்தும் அவர் உள்ளம் அமைதி பெறவில்லை. 1874இல் குருப்பணியைத் துறந்து, வடபகுதி நகரங்களுக்குச் சென்று, பல்கலைக்கழகத்தை எட்டாத மக்களுக்கு விரிவுரைகள் நிகழ்த்தினார். 1877இல் அமெரிக்கா சென்று கவிஞர் வோல்ட் விட்மனைக் கண்டார்.

தந்தையார் மறைந்த பின்னர் கிடைத்த பொருளைக் கொண்டு, ஷெபீல்ட் நகருக்கு அண்மையிலுள்ள மில்தோர்ப் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ ஏழு ஏக்கர் நிலம் வாங்கினார். காய்கறியும் கனியும் விளைவித்துச் சந்தைக்கு அனுப்பினார். இந்தியாவிலிருந்து நண்பரொருவர் அனுப்பிய மிதியடியை மாதிரியாக வைத்து, தம் கையாலேயே மிதியடிகள் செய்தார். 'ஜனநாயகத்தை நோக்கி' என்னும் அவருடைய பெருங்கவிதை நூலின் முதற் பகுதி 1883இல் வெளிவந்தது. அருணாசலம் கொடுத்த பகவத்கீதை அந்நூல் பிறப்பதற்குத் துணையாயிற்று என அவரே பின்னர் எழுதினார்.

குருநாகலில் ஒரு ஞானி

1890இல் கார்ப்பென்டர் இலங்கைக்கு வந்தார். அப்போது அருணாசலம் குருநாகலில் நீதிபதியாக இருந்தார். தம் குருவாகிய இராமசுவாமி என்னும் தமிழ் ஞானியிடம் நண்பரை அழைத்துச் சென்றார். சில வாரங்கள், ஏறக்குறைய நாள்தோறும், கார்ப்பென்டர் அவர் முன் அமர்ந்து கேட்டார். எண்ணங்களின் ஓட்டத்தை அடக்கினால், 'நான்' என்னும் சிறு வட்டத்தைக் கடந்த பேரறிவு புலப்படும் என்பதே அவர் பெற்ற பாடத்தின் சாரம். இவ்வனுபவத்தையும், சிவனொளிபாதமலை ஏறியதையும், இந்துக் கோயிலொன்றின் இரவுத் திருவிழாவைக் கண்டதையும் 1892இல் வெளிவந்த பயண நூலில் விரிவாக எழுதினார்.

ஆளும் இனத்தவர் ஆளப்படுவோரின் சமயத்தை இகழ்ந்த காலம் அது. அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் ஆசிரியராயிருந்த ஒருவர் தமிழ் ஞானி ஒருவரிடம் மாணவராய் அமர்ந்தார் என்பது சிறிய செய்தியன்று.

சட்டமும் துணிவும்

1891இல் நாடு திரும்பியபின், புகையிரதப் பயணமொன்றில் ஜோர்ஜ் மெரில் என்னும் இளைஞரைச் சந்தித்தார். மெரில் ஷெபீல்ட் நகரின் சேரிப்பகுதியில் வளர்ந்தவர், உயர்கல்வி பெறாதவர். இவ்விருவரிடையே தோன்றிய அன்பு இறுதிவரை நீடித்தது.

ஆடவர் இருவரிடையேயான உறவை, அது தனிமையில் நிகழினும், தண்டிக்கும் சட்டத்தை இங்கிலாந்து 1885இல் இயற்றியிருந்தது. 1895இல் அச்சட்டத்தின்கீழ் எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டுக்கு இரண்டு ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. நாடெங்கும் அச்சம் பரவிற்று. காதலையும் மணவாழ்வையும் பற்றிய கார்ப்பென்டரின் நூலை வெளியிட ஒப்பியிருந்த பதிப்பாளர் பின்வாங்கினார். 1896இல் மான்செஸ்டரிலிருந்த தொழிலாளர் அச்சகமொன்றே அதனை வெளியிட்டது.

அவ்வச்சம் அடங்குமுன்னரே, 1898இல், மெரில் மில்தோர்ப் இல்லத்திற் குடிபுகுந்தார். நண்பர் சிலர் தடுத்தும் கார்ப்பென்டர் கேட்கவில்லை. 1908இல் இவ்வியல்பினரைப் பற்றித் தனிநூலே வெளியிட்டார். இது நோயன்று, ஒழுக்கக்கேடும் அன்று. இயற்கையில் அமைந்த ஒரு வகை. இத்தகையோர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே பாலமாக அமைவர். செல்வர்க்கும் ஏழைக்கும் இடையிலுள்ள சுவரையும் இவ்வன்பு தகர்க்கும் என்பது அவர் வாதம். அந்நூலின் விஞ்ஞான விளக்கங்களுட் சில இன்று பழமையாகிவிட்டன. அதன் அறநோக்கு பழமையாகவில்லை.

அவரைத் தூற்றித் துண்டுப் பிரசுரம் அச்சிட்டவரும் இருந்தனர். ஆயினும் அவர் சிறை செல்லவில்லை. அவருடைய குடிப்பிறப்பும், நிதானமான எழுத்தும், ஒதுங்கிய கிராம வாழ்வும் அவரைக் காத்திருக்கலாம். அத்தகைய பாதுகாப்பு ஏழைத் தொழிலாளிக்குக் கிடைத்திராது என்பதையும் நாம் மறத்தலாகாது.

1913இல் நாவலாசிரியர் ஈ. எம். போர்ஸ்டர் மில்தோர்ப்பிற்கு வந்தார். ஆண்கள் இருவரின் காதலைக் கூறும் 'மோரிஸ்' என்னும் நாவலுக்கு அவ்வருகையே வித்தாயிற்று. ஆனால் போர்ஸ்டர் அதனைத் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. அவர் இறந்த மறு ஆண்டு, 1971இலேயே, அது அச்சேறிற்று. மில்தோர்ப்பில் நாள்தோறும் நடந்த வாழ்வு ஏட்டில் வருவதற்கு அத்துணைக் காலம் சென்றது.

முதுமையும் பிரிவும்

1922இல் முதியவர் இருவரும் தெற்கே கில்ட்போர்ட் நகருக்குக் குடிபெயர்ந்தனர். 1924 ஜனவரியில் அருணாசலம் மதுரையில் காலமானார். அவ்வாண்டு ஆகஸ்டில் கார்ப்பென்டருக்கு எண்பது வயது நிறைந்தபோது, அன்றைய தொழிற்கட்சி அமைச்சரவையினர் அனைவரும் கையொப்பமிட்டு வாழ்த்து அனுப்பினர். சட்டத்தின் கண்ணிற் குற்றவாளியாகத் தக்கவரைச் சட்டம் இயற்றுவோரே போற்றினர்! முதியவரோ மறைந்த நண்பரின் கடிதங்களைத் தொகுக்கும் பணியை நிறைவேற்றி நட்புக்கடன் தீர்த்தார்.

1928 ஜனவரியில் மெரில் இறந்தார். சில மாதங்களில் கார்ப்பென்டர் பக்கவாதத்தால் தாக்குண்டார். 1929 ஜூன் 28ஆம் நாள், தமது எண்பத்துநான்காம் வயதில், அவர் உயிர் நீத்தார். கில்ட்போர்ட் மயானத்தில் மெரிலின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நமக்கு விட்டுச் சென்ற வினா

'ஜனநாயகத்தை நோக்கி' வெளிவந்த அதே 1883ஆம் ஆண்டில், ஆங்கில ஆட்சி நம் நாட்டுக்குத் தண்டனைச் சட்டக்கோவையை வழங்கியது. இத்தகைய உறவைக் குற்றமாக்கும் பிரிவுகள் அதன்வழி வந்தவையே. இங்கிலாந்தும் வேல்சும் 1967இல் தம் சட்டத்தைத் தளர்த்தத் தொடங்கின. இலங்கையிற் குற்றத்தன்மையை நீக்க முனைந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

சட்டம் ஒருபுறமிருக்க, இல்லம் என்று ஒன்று உண்டன்றோ? இவ்வியல்புடைய பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் பிறக்கின்றனர்; பலர் அஞ்சி மௌனமாக வளர்கின்றனர். தம் உள்ளத்தைத் திறந்து பேச ஒருவரேனும் வீட்டில் இருப்பின், அவர்கள் வாழ்வு எத்துணை இலேசாகும்! அன்பில் உயர்வு தாழ்வு காணாத முதியவர் ஒருவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அதற்கு வழி காட்டினார். அவர் நம்மவர் ஒருவரின் உயிர் நண்பர் என்பதும் நம் நினைவில் நிற்பதாக.